ஆறரை மணிக் குரல்

செப்டம்பர் 9, திங்கள்

சந்தேகம் என்று எழுதக் கூடாது. கவனித்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

கவனித்தது இது. இன்றும் சரியாக ஆறரைக்குப் புஷ்பக்காவின் குரல் வந்தது. "வணக்கம் மக்களே. இன்னைக்கு ஒரு பாடமும் ஓடலன்னா ஓடாண்டாம். பிள்ளை ஒங்க பக்கத்துல இருக்குல்லா, அது போதும். மனசு விட்டுராதீங்க. நானும் ஷைனியும் இந்தா உக்காரப் போறோம்."

ஆறரைக்கு எந்தப் பிள்ளை பாடத்துக்கு உட்காரும்?

தென்காசி தங்கபுஷ்பம் அக்காதான் எங்கள் வாட்ஸாப் குழுவை நடத்துகிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கிற நாற்பத்து மூன்று குடும்பங்கள். சனி, ஞாயிறு தவிர தினமும் ஒரு நிமிடம் பேசி அனுப்புவார். அதைக் கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் அடுப்பைப் பற்றவைக்கிறோம். ஷைனி அவருடைய மகள். பதிமூன்று வயது. நான்கு வருடமாக வீட்டுப் படிப்பு. நாட்குறிப்பு எழுதச் சொன்னதும் புஷ்பக்காதான். எழுதினால் பாரம் குறையும் என்றார். இதுவரை குறையவில்லை.

என் மகள் மதியைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பதினைந்து மாதம் ஆகிறது. பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு பள்ளிக்கூட மணி கேட்கும். இந்த ஊரில் இருந்துகொண்டு பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பு முழுக்க அவள் பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பேசுவாள், வாசலைத் தாண்டினால் வாய் மூடிவிடும். "உங்கள் மகள் ஊமையா?" என்று குறிப்பேட்டில் எழுதி அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து அனுப்பவில்லை. அவள் அப்பாவுக்குப் பணகுடிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலை. சனிக்கிழமைதான் வருவார். "ஏப்ரல் வரைக்கும் பாப்போம், வல்லி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இன்று பின்னக் கணக்கு இரண்டு பக்கம் என்று திட்டம். நடக்கவில்லை. சிலிண்டர் கொண்டுவந்தவரை நிறுத்தி வைத்து, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரியும், அது ஏன் சில்லென்று இருக்கிறது என்று மதி இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நேரம் வீண்.

செப்டம்பர் 11, புதன்

ஆறரை. பின்னம் அரைப் பக்கம். முருங்கைக்கீரை ஆய்ந்தோம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கொக்கிரகுளம் அறிவியல் மையத்துப் புல்வெளியில் குழு கூடியது. பதினொரு குடும்பங்கள் வந்திருந்தன. முன்பெல்லாம் புதன்கிழமைதான் கூடுவோம். ஜூனிலிருந்து ஞாயிறு என்று மாற்றியது புஷ்பக்கா. அப்பாக்களும் வரலாமாம். வந்தது ஒரே ஒரு அப்பாதான். சங்கரன்கோவில் முப்பிடாதி அண்ணன், மனைவி இல்லாமல் மகனைத் தனியாக வளர்க்கிறவர்.

அவர் வந்தபோதுதான் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் புல்லில் புரண்டுகொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. ஷைனி மட்டும் சட்டென்று எழுந்து, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். உடனே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அவள் காலைப் பார்த்தேன். முழங்காலிலிருந்து கெண்டைக்கால் பாதிவரை வெயிலில் கறுத்திருக்கிறது. அதற்குக் கீழே கோடு போட்டதுபோல வெளுப்பு. சாக்ஸ் போடுகிற கால்.

புஷ்பக்கா எனக்கு அதிரசம் தந்தார். "என்ன வல்லி, மொகம் வாடியிருக்கு? மதி நல்லாப் பேசுதால்லா?"

"பேசுதா அக்கா" என்றேன். மதியும் ஷைனியும் வேப்பமரத்தடியில் தலையோடு தலை வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து கேட்டேன். "சும்மா" என்றாள்.

செப்டம்பர் 16, திங்கள்

பாடம் முடித்துவிட்டு (ஒரு பக்கம்) குழுவில் பழைய குரல்பதிவுகளைத் தேடிக் கேட்டேன். ஒரு தாளில் நேரம் குறித்தேன். போன வருடப் பதிவுகள் பத்து இருபது, பதினொன்று ஐந்து, பத்தே முக்கால். எல்லாவற்றிலும் பின்னால் ஷைனி இருக்கிறாள். "அம்மா, இதுல மைனஸ் வருமா?" என்கிறாள், ஸ்கேலைத் தட்டுகிறாள், தும்முகிறாள். இந்த ஜூன் பத்துக்குப் பிறகு எல்லாம் ஆறரை. ஷைனி எதிலும் இல்லை.

மதி வந்து, "யாரும்மா பேசுறா?" என்றாள். அணைத்துவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

மதி எட்டுப் பறவைகளின் பெயரை எழுதி, எது எத்தனை மணிக்கு வருகிறது என்று ஜன்னலில் ஒட்டியிருக்கிறாள். பின்னம் அப்படியே கிடக்கிறது.

செப்டம்பர் 21, சனி

இவர் வந்தார். தோசை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து நின்றது, கால், நேரங்கள்.

"ஒனக்கு அந்தம்மா மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லீங்க. உண்மை தெரியணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

சட்னி வேண்டுமா என்று கேட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

இன்று குரல் பத்து நாற்பதுக்கு வந்தது. ஆறரைக்கு அல்ல. பாதியில் ஷைனியின் குரல்: "அம்மா, பால் பொங்குது!" புஷ்பக்கா சிரிக்கிறார். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

குழுவில் எல்லோரும் பூ அனுப்பினார்கள். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். பள்ளிகளுக்குக் காலாண்டு விடுமுறை.

அக்டோபர் 3, வியாழன்

பத்தரை. ஷைனி பாடுகிறாள்.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளிகள் திறந்துவிட்டன. குரல் ஆறரைக்கு வந்தது. "நானும் ஷைனியும் இந்தா உக்காரப் போறோம்."

எனக்குள் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒருவிதமான லேசு. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 9, புதன்

பாடம் நடக்கவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

சாயங்காலம் ரேஷன் கடைக்குப் போகிற வழியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் நுழைந்து விண்ணப்பப் படிவம் வாங்கினேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மறைக்கவில்லை. இவர் கேட்டால் சொல்வேன்.

அக்டோபர் 14, திங்கள்

நாளை தென்காசி போகிறோம். கோயிலுக்கு என்று மதியிடம் சொன்னேன்.

"ஷைனியக்கா வீட்டுக்கா?" என்றாள்.

"கோயிலுக்குன்னு சொன்னேன்ல."

"கோயிலுக்கு மட்டும் போவோம்மா. அங்க வேண்டாம்."

பஸ்ஸில் வாந்தி வரும் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். சொல்லாமல்தான் போனேன். புஷ்பக்கா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது, பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல அப்படியே நின்றது. "வா வல்லி, வா மக்கா" என்று மதியின் தலையைத் தடவிவிட்டு, முதல் வேலையாக உள் அறைக் கதவைச் சாத்தினார்.

"ஷைனி எங்கக்கா?"

"அவ அத்த வீட்டுக்குப் போயிருக்கா."

"வரட்டும். மதியும் பாக்கணும்னா." மதி அப்படிச் சொல்லவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயில் நடை சாத்துமுன் போகலாமே என்றார். பார்த்துவிட்டோம் என்றேன். பார்க்கவில்லை. சாப்பிடச் சொன்னார். புளிக்குழம்பு, அவியல், அப்பளம். என் தட்டில் மறுபடி மறுபடி வைத்துக்கொண்டே இருந்தார். அவர் சாப்பிடவில்லை. ஒரு மணி. இரண்டு மணி. குழந்தைகளுக்குப் பின்னம் எப்படிச் சொல்லித் தருவது என்று அவரிடமே கேட்டேன். அடையை வெட்டிக் காட்டலாம் என்று விளக்கினார், நன்றாகத்தான் விளக்கினார், ஆனால் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. என் கண்ணும் அதில்தான் இருந்தது.

மூன்று மணிக்கு மதி என் கையை இழுத்தாள். "அம்மா, போலாம். வா, போலாம்."

"செத்த இரு."

"ஒங்களுக்கு பஸ்ஸு கூட்டமாயிருமே, வல்லி" என்றார் புஷ்பக்கா.

"பரவால்லக்கா. நின்னுட்டுப் போறோம்."

அவர் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானை நுனியை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார். தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அப்போது எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

நாலு இருபதுக்கு வாசலில் பள்ளி வேனின் ஹாரன்.

ஷைனி மெரூன் பாவாடையும் கட்டம் போட்ட சட்டையுமாக உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பையைக்கூடக் கழற்றாமல் போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அம்மாவத் திட்டாதீங்க ஆன்ட்டி. நான்தான் போணும்னு சொன்னேன்."

"நான் யாரையும் திட்டலையே" என்றேன்.

புஷ்பக்கா மெதுவாகப் பேசினார். "மே மாசம் ஒருநா வந்து, 'அம்மா, எனக்கு நாலு பேரோட உக்காந்து படிக்கணும்'னு கேட்டா. மூணு நாளு அவகூட நான் பேசல, வல்லி. நாலு வருசம் சொல்லிக் குடுத்தது எல்லாம் ஒண்ணுமில்லாமப் போன மாதிரி. அப்புறம் கொண்டுபோய்ச் சேத்தேன். சேத்துட்டு வந்து இதே நாற்காலில உக்காந்திருக்கேன், முப்பிடாதி அண்ணன் குரூப்ல போடுதாரு. 'அக்கா, இன்னைக்கு ரொம்ப முடியல, ஏதாவது சொல்லுங்க'ன்னு. எம்பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டேன்னு சொன்னா அந்தாளு மறுநாளே விட்டுருவாரே. சரி, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்னு பேசுனேன். மறுநாளும் பேசுனேன். அப்புறம் நிறுத்த முடியல."

"எங்கள ஏமாத்திட்டீங்க."

"ஆமா."

மறுத்துப் பேசுவார் என்று நினைத்து ஆறு வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். காப்பி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கிளம்பிவிட்டோம்.

பஸ்ஸில் மதியிடம் கேட்டேன். "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம். புல்வெளியில சொன்னா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"யார்ட்டயும் சொல்லாதன்னா. அப்புறம் நீ வேற தினம் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வார."

நான் அழுவதில்லை. முகம் கழுவப் போகிறேன்.

"ஒனக்கும் பள்ளிக்கூடம் போணுமா மதி?"

யோசித்தாள். "இப்ப வேண்டாம். வேணும்னா நானே கேப்பேன். ஷைனியக்கா கேட்டால்லா, அதே மாதிரி." சொல்லிவிட்டு எழுந்து கண்டக்டரிடம் போனாள். ஆலங்குளத்தில் எத்தனை நிமிடம் நிற்கும், ஏன் அங்கே மட்டும் அதிகம் நிற்கிறது, லேட்டானால் யார் திட்டுவார்கள் என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். ஆலங்குளம் வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 16, புதன்

ஆறரைக்குக் குரல் வரவில்லை. குழுவில் போட ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன். எல்லா விவரமும் தேதியோடு இருக்கிறது. அனுப்பவில்லை. எழுத்துப்பிழை பார்க்க வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

வரவில்லை. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

வரவில்லை. முப்பிடாதி அண்ணன் எழுதியிருக்கிறார்: "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? இரண்டு நாளாகப் பையன் புத்தகத்தைத் தொடவில்லை. நானும் தொடச் சொல்லவில்லை." அதன் கீழே பதினாறு பேர் அக்கா அக்கா என்று கேட்டிருக்கிறார்கள். பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, தீய்ந்துவிட்டது.

அக்டோபர் 19, சனி

இவர் வந்ததும் தென்காசி போனதைச் சொன்னேன். அப்புறம், அவர் கேட்காமலேயே, படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இத எப்ப வாங்குன?"

"போன வாரம் புதன்கிழமை."

"அந்தம்மா சொன்னது பொய்யாயிருந்தா நீயும் விட்டுறலாம்னு நெனச்சியா?"

இப்படி முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டாம். எழுந்துபோய்த் தோசைக்கல்லைத் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்த கல். அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"விடணும்னா விட்டுரு வல்லி. யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஆனா நேத்து மதி போன்ல என்கிட்ட அரை மணி நேரம் பேசுனா. மரங்கொத்தி வந்துச்சாம். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எப்படி இருந்தான்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவ்வளவுதான்." தோசைக்கல்லை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம பூராவும் இனிமே நான் பாத்துக்கிடுதேன். நீ படுத்துத் தூங்கு" என்றார்.

இதைப் பதினைந்து மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். நானும் பதினைந்து மாதத்தில் ஒருதரம் கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

அப்பாவும் மகளும் வெளியே போயிருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தேன். பகல் பன்னிரண்டுக்குப் போன் சத்தம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாளும் பேசாத புஷ்பக்கா பேசியிருந்தார். நாற்பது நொடி.

"மக்களே, ஷைனி ஜூன் மாசத்துலருந்து பள்ளிக்கூடம் போறா. அவளா கேட்டா, சேத்தேன். ஒங்கட்ட மறைச்சேன். தப்பு என் பேர்ல. நாலு வருசம் சொல்லிக் குடுத்தது உண்மை. இந்த நாலு மாசம் காலையில சொன்னது பொய். மன்னிச்சிருங்க."

என் பெயரைச் சொல்லவில்லை. நான் தேதியோடு எழுதி வைத்திருந்ததை அழித்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

ஒன்பது குடும்பங்கள் குழுவை விட்டுப் போய்விட்டன. போகிறபோது ஒருவர், "இத்தனை நாள் யார் பேச்சைக் கேட்டோம்?" என்று எழுதினார். இன்னொருவர் எழுதியதை இங்கே எழுதமாட்டேன். முப்பிடாதி அண்ணன் ஒன்றும் எழுதவில்லை. போகவும் இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

காலையில் பின்னம். மதியம் புஷ்பக்காவுக்கு நானே போன் செய்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"ஒம்பது வீடு போயிட்டுக்கா."

"போட்டும். நீ ஏன் இன்னும் இருக்க?"

மதியின் பின்னக் கணக்கு நோட்டை மூடி வைத்தேன். அவரே கேட்டார். "எம்மேல ஒனக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு வல்லி?"

நேரம் குறித்த தாள் மேசையில்தான் கிடந்தது. தேதி சொல்லியிருக்கலாம். "ஒங்க மேல வரலக்கா" என்றேன். "எம்மேலதான் வந்துச்சு. என்னால முடியாதுன்னு. நீங்களும் முடியாம விட்டவங்கன்னு ஆயிட்டா, எனக்கு அவமானம் இல்லல்லா."

அவர் சொன்னார்: "நான் முடியாம விடல மக்கா. அவளுக்குப் போதும்னு தோணுச்சு, விட்டேன். ரெண்டும் ஒண்ணுன்னு நானே நெனச்சுக்கிட்டதுதான் வெனையாப் போச்சு. ஒம்பிள்ளைக்குப் போதும்னு ஆயிட்டா?"

"இன்னும் ஆகல. அவளே கேப்பாளாம்."

"அப்பம் காலையில நீ பேசு."

"நானா? எனக்கு என்ன சொல்லன்னே தெரியாதேக்கா."

"தெரியலன்னே ஆரம்பி. எல்லாந் தெரிஞ்சவ மாதிரி நான் பேசுனதுலதான் இத்தனையும் வந்துச்சு."

அக்டோபர் 23, புதன்

ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். ஆறு தடவை அழித்தேன். ஏழாவது தடவை பேசியது இது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நான் பாளையங்கோட்டை செண்பகவல்லி. என்ன சொல்லன்னு தெரியல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒருநா எம்மகள அடிச்சேன். அவ அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நேத்து பின்னக் கணக்குல கோவம் வந்து பென்சில ஒடிச்சு எறிஞ்சேன். நானும் அவளும் கட்டிலுக்கு அடியில தேடி ரெண்டு துண்டையும் எடுத்தோம். 'இந்தா, இதான் அரை, இப்பவாவது வெளங்குதா'ன்னு கேட்டேன். அவ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, 'ரெண்டும் சமமா இல்லம்மா. இது அரை இல்ல'ன்னா. ஒரு மாசமா வரலன்னு நான் நெனச்ச பாடம். அது என்னைக்கு அவளுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. நான் தினமும் அழுவேன். எங்க வீட்டுல ஏப்ரல்ல என்னாகும்னு தெரியாது. இன்னைக்கு ஒம்பதரைக்கு உக்காருதோம். முடிஞ்சா நீங்களும் உக்காருங்க."

அனுப்பிவிட்டுப் போனைத் துணிக்கொடிக்குப் பக்கத்துச் சுவரில் கவிழ்த்து வைத்தேன். இரண்டு வாளித் துணி காயப்போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஏழெட்டுப் பேர் ஏதோ எழுதியிருந்தார்கள். அவற்றுக்குக் கீழே முப்பிடாதி அண்ணனின் குரல்பதிவு. இந்தக் குழுவில் அவர் வாய் திறந்து பேசியதே இல்லை. எட்டு நொடி.

"தங்கச்சி, நான் நேத்து ஸ்கேல ஒடிச்சேன். சரி, ஒம்பதரைக்கு நாங்களும் உக்காருதோம்."

ஒரு தடவைதான் கேட்டேன். கீழே மதி எழுந்துவிட்டாள், பால் பாத்திரம் எங்கே என்று கத்துகிறாள்.